புனித யோவானின் அன்பு

என் மாமனார் அலோய்ஸ் க்ரேவரைச் சாவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் நடுவில் ஒரு முற்பகல். மோசல் ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, மலைச்சரிவின் திராட்சைக் கொடிகளைப் பாதிவரை மறைத்திருந்தது. ஆற்றங்கரைச் சாலையிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்ப முடியாமல் ஆம்புலன்ஸ் திணறியது. ஹோல்டர்பாக்கின் சந்துகள் கழுதைகளுக்காகப் போடப்பட்டவை. அதிலும் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை. என் கணவன் ஃபோல்க்மார் எழுதிவரும் ஊர் வரலாற்றில் கழுதைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அந்தக் காலத்தில் மடத்துத் துறவிகளுக்குத் திராட்சை சுமந்த கழுதை ஒன்றின் பெயரைக்கூட அவன் கண்டுபிடித்துவிட்டான். கிறிஸ்பீனா.

“பாத்துப்பா, பாத்து! அது பழைய கதவு நிலை, இடிச்சுடாதே!” என்று ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்களிடம் கத்தினான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாடிக்கு ஏற்ற முடியாது என்பதால், நிலவறைப் படிகளை ஒட்டிய கீழறையில் கட்டில் போட்டிருந்தோம். கிழவரைப் பார்த்துக்கொள்ள போலந்திலிருந்து டனூட்டா வந்திருந்தாள். தன் ஊரில் டிராம் ஓட்டியவள். யாருக்கும் வழிவிட்டுப் பழக்கமில்லாத தோள்கள். அறைக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“அக்கா, என்ன வாடை இது?”

“கீழே நிலவறை. கந்தகம், ஈர மரம், சுவர்ப் பூஞ்சை. பழகிடும்.”

“அது தெரியுது. அதில்ல. யாரோ மூஞ்சிக்கிட்ட வந்து வாயத் தெறந்த மாதிரி இருக்கு.”

“கிழவர் வாயா இருக்கும்.”

“இப்பத்தான் கழுவி விட்டேன். அவர் வாய் சுத்தம்.”

நான் முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குப் பழகாத நாற்றம் எது இருக்கிறது?

கல்யாணமாகி நான் இங்கே வந்து, பிறந்த மகனும் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டான். இன்னும் இந்த ஊருக்கு நான் ‘அக்கரைக்காரி’. ஆற்றின் எதிர்க்கரையில் பிறந்துவிட்டேன், அவ்வளவுதான் குற்றம். பதிலுக்கு நான் அவர்களை மனசுக்குள் இளக்காரம் செய்துகொண்டே வாழ்ந்தேன். பொம்மை வீடு போல வண்ணமடித்த மரச்சட்ட வீடுகளை, கோடையில் சுற்றுலாப் பயணிகளிடம் ‘ரோமானியர் காலத்திலிருந்து’ என்று தொடங்கும் பேச்சை, ஒவ்வொரு வருஷத்து ஒயினையும் பெற்ற பிள்ளையைப் போல் கொஞ்சுவதை. என் இளக்காரம் யாரையும் எதுவும் செய்ததில்லை. சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணத்தைப் போல அது என் பக்கத்திலேயே இருந்தது.

கிழவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், புனித யோவான் திருநாள். யோவானுக்கு நஞ்சு கலந்த ஒயினைக் கொடுத்தார்கள், அவர் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பது ஐதீகம். அன்று ஒவ்வொரு வீட்டு ஒயினையும் பாதிரியார் மந்திரிப்பார். “புனித யோவானின் அன்பைக் குடி” என்று சொல்லிச் சொல்லி ஒரே கோப்பை கைமாறும். சாகக் கிடப்பவர்களுக்கு அதுவே கடைசி மிடறு. அது இறங்காமல் எந்தக் க்ரேவரும் போனதில்லை.

“அது எறங்கலேன்னா போற வழி அடைஞ்சிடும்,” என்று கிழவர் நல்ல உடம்போடு இருந்தபோதே சொல்வார்.

ஃபோல்க்மாருக்கும் அந்த மிடறு தேவைப்பட்டது. வசந்தத்தில் ஊரின் ஆயிரமாவது ஆண்டு விழா. அவனுடைய வரலாறு அன்று வெளியாகிறது. முன்னுரையின் கடைசிப் பத்தியில் அப்பாவின் கடைசி மிடறை வைக்க இடம்விட்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் மதியம், சுட்ட வாத்தும் சிவப்பு முட்டைக்கோஸும் மேசையில் ஆறிக்கொண்டிருக்க, ஃபோல்க்மார் வெள்ளைச் சட்டையில் கட்டிலருகே உட்கார்ந்து, எங்கள் ஒயினில் ஒரு தேக்கரண்டியை அப்பாவின் உதட்டில் வைத்தான்.

“நம்ம மேற்குச் சரிவு ஒயின்பா. குடி.”

கிழவர் ஆசையோடு வாயைத் திறந்தார். ஒயின் உள்ளே போனது. தொண்டை அசையவில்லை.

கன்னங்கள் உப்பின.

பிறகு அது வெளியே வந்தது. வழியவில்லை. காறி, குறிபார்த்து, பலமாகத் துப்பியது போல வந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் வலுவில்லாத மனுஷனிடமிருந்து அது ஃபோல்க்மாரின் மார்பைத் தாண்டி முகத்தில் அறைந்தது.

ஃபோல்க்மார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். டனூட்டா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்க மாட்டேன். அப்புறம்தான் கிழவரின் கண்களைப் பார்த்தேன்.

பயந்துபோன கண்கள்.

“நானில்ல,” என்றார் அவர்.

மறுநாள் காலை டனூட்டா தானாகவே ஒரு சோதனை செய்தாள். தண்ணீர் கொடுத்தாள், இறங்கியது. சூப் இறங்கியது. சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய மலிவு இத்தாலிய ஒயின்கூட மளமளவென்று இறங்கியது. எங்கள் பீப்பாய் ஒயினை ஒரு சொட்டு தொட்டு வைத்தாள். சுவரில் போய் அறைந்தது.

“தொண்டையில ஒண்ணும் இல்லக்கா. இந்த வீட்டு ஒயின்தான் ஆகல,” என்றாள். “நல்ல ருசி தெரிஞ்ச யாரோ அவருக்குள்ள இருக்காங்க.”

இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அன்று பிற்பகல் நான் துவைத்த துணிகளோடு கீழறைப் பக்கம் போனேன். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். கிழவரின் குரல் கேட்டு நின்றேன். கிசுகிசுப்பாக, ஆனால் கோபமாக டனூட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“நீ அவகிட்ட சொல்லு. உங்க பாஷை அவளுக்குப் புரியும். நிறுத்தச் சொல்லு.”

“எவகிட்ட, தாத்தா?”

“உங்க ஆளுதான். போலந்தோ உக்ரைனோ. போர்க்காலத்துல ரயில்ல கொண்டுவந்து வேலைக்கு விட்டாங்களே. எங்க வீட்டுக்கும் ஒருத்தி வந்தா.”

“அவ என்ன பண்ணா?”

“துப்பினா!” கிழவரின் கை போர்வையைப் பிசைந்தது. “யோவான் திருநாளு. அப்பா எல்லாருக்கும் கோப்பை குடுத்தாரு. அந்த ஆளுங்க நம்மகூட ஒரே மேசையில உக்காரக் கூடாதுன்னு சட்டம். அவ கதவுகிட்ட நின்னா. அவளுக்குத் தனிக் குவளை. அப்பா ஒரு தமாஷ் பண்ணாரு. முந்தின நாளு ஒயின் தரகருங்க வந்து ருசி பாத்துட்டுத் துப்பின வாளி அங்கயே இருந்துச்சு. அதுலேர்ந்து குவளைய மொண்டு, ‘இந்தா, புனித யோவானின் அன்பைக் குடி’ன்னாரு. எல்லாரும் சிரிச்சோம். தமாஷ்தானே? அவ வாயில வாங்கி, அப்பா மூஞ்சியிலயே துப்பிட்டா. ஒரு வேலைக்காரி. கொஞ்சமாவது நன்றி இருக்கணும்ல?”

டனூட்டாவின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? மறுநாள் பீப்பாய் கழுவ உள்ள அனுப்பினோம்.”

இதைக் கேட்டதும் என் கையிலிருந்த துணிக்கூடை கனத்தது. பெரிய பீப்பாயின் முகப்பில், அடியில், ஒரு சின்னக் கதவு இருக்கும். ஒல்லியான ஆள் தோளை ஒடுக்கி உள்ளே நுழையலாம். புளித்து அடங்கிய புது ஒயினை வடித்தபின் உள்ளே தங்கும் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆளைக் கொல்லும். அதனால் எரியும் மெழுகுவர்த்தி முதலில் உள்ளே போகும். சுடர் அணையாமல் எரிந்தால்தான் ஆள் போகலாம். இந்த ஊரில் நடை பழகாத பிள்ளைக்கும் தெரிந்த பாடம் அது.

“மெழுகுவத்தி வச்சுப் பாத்தீங்களா?” டனூட்டாவுக்கும் தெரிந்திருந்தது. இந்த வீட்டில் ஒரு வாரம் இருந்தால் போதும்.

“என் கையிலதான் இருந்துச்சு. அவ அதக் காட்டிக் காட்டிக் கேட்டா. அப்பா, ‘இவளுக்கு எதுக்குடா மெழுகுவத்தி, இவதான் நல்லாத் துப்புவாளே, கெட்ட காத்தையும் துப்பட்டும்’ன்னாரு. நான் ஊதி அணைச்சேன்.” சற்று நிறுத்தினார். “எல்லாரும் சிரிச்சாங்க.”

“அவ பேரு என்ன?”

“பேரா?”

“பேரு இருந்திருக்குமே, தாத்தா.”

“மாரூஷ்கான்னு கூப்டோம். அவளுக்கு முன்னாடி இருந்தவளையும் அப்படித்தான். ஒரே பேருன்னா நமக்கு லேசு.”

டனூட்டா எழுந்தாள். அவள் நிழல் கதவிடுக்கில் விழுந்தது.

“அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. ஒரே ஒரு வார்த்தை. நாளைக்கு ஒயின் எறங்குதா இல்லையான்னு பாருங்க.”

“நானா?” கிழவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் போலிருந்தது. “நான் எதுக்குக் கேக்கணும்? துப்பினது அவ!”

அப்போது என் காலடியில் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்.

சரக்.

ஈர மரத்தில் முரட்டுத் தூரிகை தேய்க்கும் சத்தம். நிலவறையில் யாரும் இல்லை. கதவைப் பூட்டிய சாவி என் இடுப்பில் இருந்தது. தூரிகை நிதானமாக, ஒழுங்காகத் தேய்த்தது. வேலை தெரிந்த கை. பிறகு இடைவெளி கூடியது. இரண்டு தேய்ப்புக்கு நடுவே மூச்சு வாங்குவது போல ஒரு நேரம்.

சரக்.

அதன்பின் ஒன்றுமில்லை.

அந்த வாடை தரைப்பலகைகளின் இடுக்கு வழியாக மேலே வந்தது. இம்முறை நானும் உணர்ந்தேன். புகையிலை, புளிப்பு, சொத்தைப் பல். பலருடைய வாய்களின் வாடை.

சமையலறையில் ஃபோல்க்மார் மிச்ச வாத்தைத் தின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தத்தைத் தவிர. அதைச் சொன்னால் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவான் என்று கணக்குப் போட்டேன்.

“வயசானவர், எதையோ உளறுறார்,” என்றான்.

“உளறல் மாதிரி இல்ல. உன் புத்தகத்துல அந்த வருஷங்களுக்கு என்ன எழுதியிருக்கே?”

“ஒரு வரி இருக்கு. ‘கடினமான காலம், ஆயினும் விளைச்சல் குறைவில்லை.’”

“கழுதைக்கு ஒரு பகுதி. அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாதா?”

“கிறிஸ்பீனாவுக்குச் சான்று இருக்கு, கெர்லிண்ட்.” எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு என்னைக் கனிவோடு பார்த்தான். “ஊரே கொண்டாடற நேரம். இதக் கிளறி என்ன ஆகப்போகுது? அக்கரையில மட்டும் எல்லாரும் தேவதையா?”

அவன் தாடையில் வாத்துக் கொழுப்பு மினுங்கியது. எத்தனை அற்பமான மனிதன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குத் தித்தித்தது. நினைத்துவிட்டு, அவன் தட்டை எடுத்துக் கழுவினேன்.

மறுநாள் பூசை முடிந்ததும், மந்திரித்த ஒயினோடு பாதிரியார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல பகல் வெளிச்சம். வெளியே பனியில் குழந்தைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிழவருக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தோம். அவர் முகம் ஒரே இரவில் உள்வாங்கியிருந்தது. மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் கொதிக்கும் சத்தம். இன்றைக்குத் தாண்டாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கும்.

டனூட்டா குனிந்து அவர் காதில் கேட்டாள். “மன்னிப்புக் கேக்குறீங்களா, தாத்தா? இப்பவாவது?”

கிழவர் அறைக் கதவைப் பார்த்தார். அங்கே யாருமில்லை. யாரையோ தலைமுதல் கால்வரை அளப்பது போலப் பார்த்தார். அவர் உதடு கோணியது. சாகப்போகும் முகத்தில் அத்தனை அலட்சியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“கோப்பையக் குடுங்க,” என்றார்.

“புனித யோவானின் அன்பைக் குடியும்,” என்றார் பாதிரியார்.

ஒரு மிடறு. அவ்வளவுதான் போனது, நான் பார்த்தேன். கிழவர் உதடுகளை இறுக்கி மூடினார். தொண்டை மேலேறியது.

இறங்கியது.

“எறங்கிடுச்சு!” என்று ஃபோல்க்மார் கூவினான். “அப்பா, எறங்கிடுச்சுப்பா!”

கிழவர் சிரித்தார். ஜெயித்த சிரிப்பு. கதவின் பக்கம்தான் அதையும் காட்டினார்.

சிரிப்புக்குள்ளிருந்து அது வரத் தொடங்கியது.

முதலில் கடைவாயில் ஒரு கோடு. பிறகு முழு வாயும். மஞ்சளும் பழுப்புமாக, நூல் நூலாக, நுரையோடு. புகையிலைத் துணுக்குகள் மிதந்தன. நாங்கள் கொடுத்தது ஒரு மிடறு. வந்ததோ ஒரு வாளி. சட்டை நனைந்தது, மெத்தை நனைந்தது, தரையில் சொட்டியது, இன்னும் வந்தது. கிழவர் இரண்டு கையாலும் வாயை மூடப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே வந்தது. கடைசிவரை அவர் கண்கள் கதவை விட்டு விலகவில்லை.

அது நின்றபோது அவர் உயிரோடு இல்லை.

பாதிரியார் சுவரோடு சுவராக நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அசைந்தது ஃபோல்க்மார்தான். அப்பாவின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்தான். போர்வையை இழுத்துவிட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“எறங்கினத எல்லாரும் பாத்தோம். இல்லையா, ஃபாதர்?”

பாதிரியார் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எறங்கிச்சு,” என்றார் மெல்ல. “எறங்கிச்சுதான்.”

“மத்தது வயித்துக் கோளாறு. அதச் சொல்ல வேண்டியதில்ல.”

அறை இன்னும் நாறிக்கொண்டிருந்தது. அதற்குள் வரலாறு எழுதி முடித்தாயிற்று. ஆயிரம் வருஷமும் இப்படித்தான், ஈரத் துணியும் தண்ணீரும் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியது. இருவரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் தரை துடைக்கும் துணியை எடுக்கப் போனேன்.

அடக்கத்துக்கு முன்பே டனூட்டா பெட்டியைக் கட்டிவிட்டாள். பேருந்து நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன்.

“இருந்து சாப்பிட்டுட்டுப் போயேன்.”

“வேண்டாம்கா. இந்த வீட்டுக் குவளை எனக்கு ஒத்துக்காது.”

“என்மேல என்ன கோபம் உனக்கு? நான் இவங்கள மாதிரி இல்லன்னு உனக்குத் தெரியும்.”

அவள் நின்று என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“தெரியும்கா. அவங்க இதத் தப்புன்னே நெனைக்கல. நீங்க நெனைக்கிறீங்க. நெனைச்சுட்டுத் தரையத் தொடைச்சீங்க.”

பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து விருந்து எங்கள் பெரிய கூடத்தில். பாதி ஊர் வந்திருந்தது. கருப்புக் கோட்டுகள், ஈரக் காலணிகள், அப்பத்தின் மணம். ஃபோல்க்மார் எழுந்து பேசினான். தந்தை புனித யோவானின் அன்பைப் பருகி, புன்னகையோடு கண்மூடினார் என்றான். பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். மந்திரித்த ஒயினில் மிச்சமிருந்ததை வீட்டின் பழைய வெள்ளிக் கோப்பையில் ஊற்றி, மேசையைச் சுற்றி அனுப்பினான்.

நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது துப்புவார்கள், இதோ இவன் துப்புவான் என்று காத்திருந்தேன். ஆம், ஆசைப்பட்டேன். ஒருவரும் துப்பவில்லை. மேயர் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார். பாதிரியார் குடித்தார். ஃபோல்க்மார் குடித்தான்.

“அருமையான வருஷத்து ஒயின்,” என்றார் யாரோ.

துப்பினவள் போய்விட்டாள் என்று நினைத்தேன். அவளும் இந்த ஊரிடம் சலித்துப் போய்விட்டாள் போல. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் செய்ய வேண்டியதை அவள் செய்து முடிக்கவில்லையே என்ற ஏமாற்றம்.

கோப்பை என்னிடம் வந்தது.

“புனித யோவானின் அன்பைக் குடி, கெர்லிண்ட்,” என்றான் ஃபோல்க்மார், எல்லோருக்கும் கேட்க.

உதட்டில் வைத்தேன். வாயில் வாங்கினேன்.

ஒயின் சில்லென்று இல்லை. வாய்ச் சூட்டில் இருந்தது. கொழகொழவென்று நாக்கில் படர்ந்தது. புகையிலைத் துணுக்கு ஒன்று பல்லிடுக்கில் சிக்கியது. எத்தனையோ வாய்கள் ருசி பார்த்து வெளியே தள்ளியது. அது என் வாயில் மட்டும்தான் இருந்தது.

கூடமே என்னைப் பார்த்தது. வெள்ளை மேசைவிரிப்பு. எதிரே ஃபோல்க்மாரின் வெள்ளைச் சட்டை. துப்பினால் போதும். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், நான் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு யாரும் தராத இடம் எனக்குக் கிடைத்திருந்தது. மேசையில் ஒரு நாற்காலி, கேட்கக் காத்திருக்கும் முகங்கள்.

“என்ன கெர்லிண்ட், நல்லாருக்கா?” என்றார் மேயர்.

நான் விழுங்கினேன்.

“நல்லாருக்கு,” என்றேன்.

கோப்பை அடுத்தவரிடம் போனது. ஃபோல்க்மார் பேச்சைத் தொடர்ந்தான். ரோமானியர் காலத்திலிருந்து என்று ஆரம்பித்தான்.

எனக்குப் பின்னால் கதவு. அங்கே நாற்காலி இல்லை, ஆள் இல்லை. அங்கிருந்து, அவசரமே இல்லாமல், யாரோ தொண்டையைக் காறும் சத்தம் கேட்டது.

யாரும் திரும்பவில்லை.

என் பிடரியில் சூடாக, ஈரமாக ஒன்று வந்து விழுந்து, காலருக்குள் மெல்ல இறங்கியது.